மேல்வீட்டுக்காரர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். கைபேசி கையில் இருக்கும்போது தபால்காரரை உன் அறை தேடி அலைய வைத்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். போனில் நமக்குப் பேச வராது என்பது உனக்கே தெரியும். "சாப்பிட்டியா?" என்பாய். "ம், நீ?" என்பேன். "ஆச்சு" என்பாய். பிறகு ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். எழுதினால் கொஞ்சம் கூட வரும் என்று தோன்றியது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றோடு ஏணி ஏறுவாய் என்று அம்மாவுக்குத் தினமும் ஒரு கவலை.

வானொலி நிலையத்தில் சேர்ந்து மூன்று மாதமாகிவிட்டது. தற்காலிக வேலைதான். அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் "என் பொண்ணு ரேடியோல இருக்கா" என்று சொல்லிவிடுகிறாள். அவர்கள் நாள் முழுக்கத் திருகிப் பார்த்துவிட்டு "உன் பொண்ணு குரலே வரலியே" என்கிறார்கள். எப்படி வரும்? நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு 'இரண்டு நாற்காலி' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு நாற்காலியில் எப்போதும் ஒரே நகைச்சுவைக் கலைஞர். எதிர் நாற்காலியில் வாரம் ஓர் அரசியல்வாதி. பஸ் நிறுத்தம், நடைபாதை, குப்பை, வாடகை வீடு என்று அரை மணி நேரம் ஊரைப் பற்றிப் பேசுவார்கள். நகைச்சுவைக் கலைஞர் வெயிலோ மழையோ குடை இல்லாமல் வரமாட்டார். ஸ்டுடியோவுக்குள்ளும் அதை மடியில் படுக்க வைத்திருப்பார். அதனால் எங்களுக்கு அவர் குடைக்காரர். முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் துக்க வீட்டிலிருந்து வந்தவர் போலிருக்கும்.

எனக்கு இரண்டு வேலை. கேள்விகளைச் சீட்டில் எழுதிக் குடைக்காரரிடம் கொடுப்பது ஒன்று. பதிவு முடிந்ததும் பேச்சின் நடுவே வரும் மௌனங்களை வெட்டி எடுப்பது இன்னொன்று. யாராவது யோசித்தால் வெட்டு. மூச்சு வாங்கினால் வெட்டு. கடைசியில் எல்லாரும் யோசிக்காமலே பேசுகிற மாதிரி ஆகிவிடும். "அரசியல்வாதிக்கு அது வசதிதானேம்மா" என்கிறார் குடைக்காரர்.

என்னிடம் கேள்வி தீர்ந்துவிட்டது அண்ணா. நம் வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பட்டப்படிப்பில் பதில் எழுதத்தான் சொல்லித்தந்தார்கள். வாத்தியாரையே கேள்வியால் திணறடித்தவன் நீ, பத்தாவதோடு நின்றுவிட்டாய். நீ கிரேன் கூண்டிலிருந்து ஒரு நகரத்தைத் தினமும் பார்க்கிறாய். மேலிருந்து மட்டும் தெரிகிற ஏதாவது ஒன்றை எழுதி அனுப்பேன்.

உன்
பூனை


பிப்ரவரி 20

பூனைக்கு அண்ணன் எழுதுவது.

பயப்படாதே என்ற வரியைப் படிக்கும் முன்பே பயந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் "என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்று எட்டிப் பார்த்தார். நான் நலம். அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன் என்று சொல்.

இந்தக் கட்டடம் முப்பத்திரண்டு மாடி. என் ஏணிக்கு எத்தனை படி என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் கால் கேட்டுக்கொள்கிறது. கூண்டு நம் வீட்டு அலமாரி அகலம்தான், காலுக்கு அடியிலும் கண்ணாடி. காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். சில நாள் பனி மூடிவிடும். அப்போது நகரமே இருக்காது. வெள்ளையின் மேலே நாலைந்து கிரேன்கள் மட்டும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள் மாதிரி நிற்போம். கீழே நின்று எனக்குச் சைகை காட்டுகிறவர் வாக்கி-டாக்கியில் "எங்கய்யா இருக்க?" என்பார். "எனக்கே தெரியலண்ணே" என்பேன்.

நீ கேட்டது இது. எதிரே பெரிய சாலை. கடப்பதற்கு வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவரும் நடப்பதில்லை. நாற்பது அடி தள்ளி, நடுத்திட்டின் புல் தேய்ந்து ஒரு மண்தடம் விழுந்திருக்கிறது. அத்தனை பேரும் அதில்தான் போகிறார்கள். கோட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருக்கும். கோடு போட்டவர் ஒரு நாள் என்னோடு ஏறி வந்திருந்தால் பெயின்ட் மிச்சமாகியிருக்கும்.

இது போதுமா?

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போதுமா என்று கேட்டிருந்தாய். நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் எதிர் நாற்காலியில் ஒரு கவுன்சிலர் அம்மா. நான் நீட்டிய சீட்டைக் குடைக்காரர் படித்தார், கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமினார்.

"மேடம், எங்க மேல்வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார். வானத்துக்குப் பக்கத்துல குடித்தனம். அவர் ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"கேளுங்க."

"கோட்டை ஒரு இடத்துல போடறீங்க, ஜனம் வேற இடத்துல நடக்குது. கோட்டுல நாய்தான் படுத்திருக்கு. அதுக்காகப் போட்டதா மேடம்?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மைக் அதிர்ந்தது. "யாருய்யா அந்த மேல்வீட்டுக்காரர்? எந்தக் கட்சி?"

"அவ்வளவு உயரத்துல கட்சி கிடையாது மேடம். காக்கா மட்டும்தான்."

கதை இதோடு முடியவில்லை. திங்கட்கிழமை அந்த அம்மா தன் வார்டில் கடைத்தெருவுக்குப் போய் அரை மணி நேரம் நின்றிருக்கிறார். நிலையத்துக்குப் போன் செய்து, "அவர் சொன்னது அப்படியே இருக்கு. நாய் உட்பட" என்றார். நேற்றுக் கோட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். மக்கள் கோட்டில் நடக்கிறார்கள். நாய்தான் பழைய இடத்தை விடவில்லை.

வரும்போது நானும் அந்தக் கோட்டில் நடந்தேன். நீ பார்த்த ஒன்று இன்னோர் ஊரில் என் காலுக்கு அடியில் இருந்தது. கனவில் நடப்பது போலிருந்தது அண்ணா.

உன்
பூனை


மார்ச் 26

பூனைக்கு,

போன சனிக்கிழமை கொக்கியைக் காலியாக நிறுத்திவிட்டுக் கைபேசியில் கேட்டேன். "மேல்வீட்டுக்காரர் என்ன சொல்றார்னா" என்று குடைக்காரர் அந்தக் கோட்டுக் கதையை மறுபடி ஆரம்பித்ததும் கூண்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்! சைகை காட்டும் அண்ணனிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. இப்போது வாக்கி-டாக்கியில் "மேல்வீடு, மேல்வீடு, கம்பி வருது" என்றுதான் கூப்பிடுகிறார். சமையல்காரர்கூட "மேல்வீட்டுக்கு இன்னொரு கரண்டி" என்கிறார். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது இதுதான் முதல் தடவை.

அடுத்ததற்கு இதை வைத்துக்கொள். மாலை ஆறு மணிக்கு எதிர் அடுக்குமாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். எந்த ஜன்னல் முதலில் என்று எனக்கும் சைகை அண்ணனுக்கும் பந்தயம். பதினான்காம் மாடியில் ஒருவர் அந்த நேரத்துக்கு ஒரு நாற்காலியைப் பால்கனிக்குக் கொண்டுவருவார். உட்கார மாட்டார். எதிரே நின்று அந்த நாற்காலியோடு பேசுவார். கையை ஆட்டிப் பேசுவார், சிரிப்பார். பிறகு மெதுவாகத் தூக்கி உள்ளே கொண்டுபோவார். பேச ஆளில்லாதவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா? உன் அரசியல்வாதியைக் கேள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் சௌக்கியம். போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தோஷத்தில் மறந்திருப்பாய்.

நாற்காலியோடு பேசுபவரைப் பற்றி ஓர் எதிர்க்கட்சித் தலைவரிடம் கேட்டோம். எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் ஆரம்பிக்கிறவர். குடைக்காரர் கேட்டு முடித்தார். தலைவர் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பதினோரு விநாடி. பிறகு "அடுத்த கேள்விக்குப் போவோமே" என்றார். குடைக்காரர் கிண்டல் செய்யவில்லை. குடையை மட்டும் மடியில் ஒருமுறை புரட்டினார்.

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். "மௌனத்தை ஒலிபரப்பினா ஜனம் ரேடியோ ரிப்பேர்னு நினைச்சுக்கும். வெட்டும்மா" என்றார். வெட்டினேன். ஆனால் தூக்கி எறியவில்லை. வெட்டிய மௌனங்களையெல்லாம் 'மிச்சம்' என்று ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். யாரும் இல்லாத நேரத்தில் ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். ஒவ்வொருவர் மௌனமும் ஒரு மாதிரி இருக்கிறது. சிரிக்காதே.

ஒரு நல்ல செய்தி. மேலாளர் நேற்று, "மேல்வீட்டுக்காரர் இருக்கிற வரைக்கும் உன் வேலைக்கு ஆபத்தில்ல போ" என்றார். எனக்கு அன்று சோறே இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. உன் குரலையே ஒரு தடவை போடலாம் என்கிறார். கூண்டிலிருந்து இரண்டு நிமிடம் பேசி ஒரு மெமரி கார்டில் அனுப்புவாயா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முடிந்தால் போதும்.

உன்
பூனை


ஜூன் 20

பூனைக்கு,

தாமதத்துக்குக் காரணம் வெயில். ஒரு வாரம் அறையிலேயே படுத்துக்கிடந்தேன். வேறொன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதே. மேற்பார்வையாளர் "கொஞ்ச நாள் கீழ ஸ்டோர்ல உக்காருப்பா, டாக்டர்ட்ட காட்டு" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஸ்டோரில் என்ன தெரியும்? போல்ட்டும் நட்டும் தெரியும். உன் நிகழ்ச்சிக்கு அதையா எழுத முடியும்? டாக்டரிடம் காட்டியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிவிட்டேன்.

உன் வேலைக்கு ஆபத்தில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைப் பலமுறை படித்தேன்.

கார்டு இதோடு இருக்கிறது. கைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினேன். காற்று இரையும், மூச்சு வாங்கும். வேண்டாததை வெட்டிக்கொள். உன் தொழில்தானே.

அண்ணன்


ஜூலை 6

அன்புள்ள அண்ணா,

உன் குரல் காற்றில் போய்விட்டது! தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிச் சொன்னாயே, ஊருக்கு மேலே இன்னோர் ஊர் கருப்புக் குல்லா போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று, அதற்குத் துணை மேயர் நாற்காலியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தார். இருபத்தேழு பேர் போன் செய்தார்கள். ஒரு பாட்டு வாத்தியார் "அந்தப் பையன் குரல்ல உயரம் இருக்கு" என்றாராம். மேலாளர் மாதம் ஒரு பதிவு வேண்டும் என்கிறார்.

அம்மா மட்டும் வேறு சொன்னாள். ரேடியோவை மூடிவிட்டு, "குரல் இளைச்சிருக்கு" என்றாள். குரல் எங்கேயாவது இளைக்குமா என்று கேலி செய்தேன். நீ சொன்னபடி வெயிலில் படுத்ததை அவளிடம் சொல்லவில்லை. இப்போது சரியாகிவிட்டதுதானே?

ஒன்று கேட்க வேண்டும். பதிவின் நடுவில் ஓரிடத்தில் பத்தொன்பது விநாடி நீ பேசவில்லை. வழக்கம்போல வெட்டி 'மிச்சம்' கோப்பில் வைத்துவிட்டேன். என்னிடம் இருப்பதிலேயே நீளமான மௌனம் உன்னுடையதுதான். என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்? பறவை ஏதாவது வந்ததா?

உன்
பூனை


ஆகஸ்ட் 14

பூனைக்கு,

நான் நலம். ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நலமாகவே இருக்கிறேன்.

ஆமாம், பறவைதான். ஒரு பருந்து. கூண்டுக் கண்ணாடிக்கு ஒரு முழத்தில் வந்து சிறகை அசைக்காமல் அப்படியே நின்றது. பேச்சு மறந்துவிட்டது.

இதோடு தனித்தாளில் பதினாறு விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். மொட்டைமாடித் துணிகள், பள்ளி விடும் நேரம் சாலை நிறம் மாறுவது, மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் நிற்பது, எல்லாம் இருக்கிறது. வாரம் ஒன்றாகப் பயன்படுத்து. அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதே. நாலு மாதம் ஓடும். அதற்குள் உன்னை நிரந்தரம் செய்துவிடுவார்கள் இல்லையா?

எழுத்து கோணலாக இருந்தால் தாளில் கோடில்லாததுதான் காரணம்.

நலம்.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளை மறுநாள் உன் கையில் இருக்கும். நாங்கள் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை.

உன் பருந்தை நான் நம்பினேன். அவ்வளவு அழகாக இருந்தது. குடைக்காரரிடம் சொன்னேன். "பத்தொன்பது விநாடி பருந்தா? அதையே போடுவோம்மா. ரேடியோ ரிப்பேர்னு நினைச்சா நினைக்கட்டும்" என்றார். மேலாளரும் தலையாட்டிவிட்டார். சிறகில் காற்று உரசும் சத்தம் கொஞ்சமாவது இருக்கும் என்று கோப்பைத் திறந்து ஒலியை முழுக்க ஏற்றினேன். வெட்டும்போது நாங்கள் அவ்வளவு ஏற்றுவதில்லை. வெட்டுவதற்கு எதற்கு?

பறவை இல்லை அண்ணா.

ஐந்தாவது விநாடியில், காற்று இரைச்சலுக்கு அடியில், ஒரு தகர மூடி விழுகிறது. உன் சாப்பாட்டு டப்பா மூடியாக இருக்க வேண்டும். அது தரையில் உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்குகிறது. நீ எடுக்கவில்லை. காற்று இரைகிறது. அப்புறம் வாக்கி-டாக்கி. "மேல்வீடு, கேக்குதா? மேல்வீடு? ஏய், தம்பி... தம்பி, கேக்குதா?" மூன்று முறை. கடைசி முறை அந்த அண்ணன் குரல் அழுகிற மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாவது விநாடியில் நீ பேசுகிறாய். எந்த வாக்கியத்தில் நிறுத்தினாயோ அதையே முதலிலிருந்து சொல்கிறாய், நிறுத்தியதே தெரியாதவன் போல. அதனால்தான் எனக்கு அன்று வெட்டுவது அவ்வளவு சுலபமாக இருந்தது. இரண்டு முனையும் அழகாக ஒட்டிக்கொண்டன.

எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. பிறகு உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். வெயில். ஸ்டோர். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது என்று 'சொல்லிவிட்டு' ஏறியது. கடைசிக் கடிதத்தில் நலம் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. முதலில் ஒரு தடவைதான் எழுதுவாய். குரல் இளைச்சிருக்கு என்று அம்மா ஒரே தடவை கேட்டுக் கண்டுபிடித்தாள். மௌனத்தைக் கேட்கிறவள் என்று பெருமையடித்த நான் கண்டுபிடிக்கவில்லை.

நேற்று மாலை உனக்குப் போன் செய்தேன். மனதுக்குள் பத்து தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் செய்தேன். "சாப்பிட்டியா?" என்றாய். "ம், நீ?" என்று என் வாய் தானாகச் சொன்னது. "ஆச்சு" என்றாய். அதோடு முடிந்துவிட்டது. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

உன்னை மேலே உட்கார வைத்தது நான். மேலாளர் சொன்னதை ஏதோ பரிசு போல உனக்கு எழுதி அனுப்பினேன். நீ அதைப் பலமுறை படித்ததாக எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. நான் படிக்க நீ பத்தாவதோடு நின்றாய். இப்போது நான் வேலையில் நிலைக்க, கண் இருட்டும்போதும் ஏணி ஏறுகிறாய். நீ தூக்குவது இரும்பு அண்ணா. அதன் கீழே ஒருவர் நின்று "தம்பி, தம்பி" என்று கூப்பிடுகிறார்.

இன்று காலை மேலாளர் அறைக்குப் போனேன். குடைக்காரரும் இருந்தார். இருவருக்கும் அந்தப் பத்தொன்பது விநாடியைப் போட்டுக் காட்டினேன். மேலாளர் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். குடைக்காரர்தான் பேசினார். "இருபது வருஷமா சிரிக்க வைக்கிறேன். ஒருத்தரையும் கீழ தள்ளினதில்ல. மேல்வீட்டைப் பூட்டிருவோம்மா." "அப்ப நிகழ்ச்சி?" என்றார் மேலாளர். "சார், கீழ்வீட்டுல ஆயிரம் பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, குடையால் என்னைக் காட்டினார்.

மாலை நிகழ்ச்சியை இந்த முறை பதிவு செய்யாமல் நேரடியாக ஒலிபரப்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள். சீட்டு மைக்கில் உரசியது. "மேல்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டார். இனி அவர் தரையில்தான் இருப்பார்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அம்மா இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், என் குரல் வந்துவிட்டது. என் வேலை என்னாகும் என்று தெரியாது. நீ கேட்டிருப்பாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ கேட்கவில்லையென்றால் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பதினாறையும் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒன்றைக்கூடப் பயன்படுத்தமாட்டேன். நீ வீட்டுக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னால் கேட்பேன்.

இத்தனை தாள் எழுதியதும் ஒன்றைக் கேட்பதற்குத்தான். கடைசிவரை கூச்சம் விடவில்லை. இந்தக் கடிதம் கிடைக்கும்போது கூண்டுக்குப் போகும் வழியில் இருந்தால், ஏணியில் கால் வைக்காதே. சைகை காட்டும் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொள். உன் இரண்டு காலும் மண்ணில் இருக்கும்போது எனக்குப் போன் செய். சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம். ஒன்றுமே பேச வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்கமாட்டேன்.

உன்
பூனை